முக்காலை எட்டிலொன்றால் வகுத்த பெரும்போர்

வாழி! வாய்ப்பாட்டுப் பெருங்கடலை ஒரே மூச்சில் குடித்தும், அதில் ஒரு சொட்டின் ருசியைக்கூட இன்றுவரை அறிந்திராத நாவினன் வாழி! பதினாறாம் வாய்ப்பாட்டைப் பின்னிருந்து முன்னாகவும், பத்தொன்பதாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்திலும், இருபத்தைந்தின் வர்க்கத்தைப் பல் துலக்கும்போது நுரை சிந்தாமலும் சொல்லவல்ல வாய்மொழி வேந்தன் வாழி! நீரேற்று நிலையத்தின் மேற்பார்வையாளன், நெடுந்தொட்டிகளின் காவலன், சட்டைப் பையில் இரண்டு பேனா செருகி அவற்றில் ஒன்று எழுதாது என்பதை எவருக்கும் காட்டிக்கொடுக்காதவன், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகளின் தகப்பன், அவன் வாழி, வாழி! அவன் கொற்றம் எப்படிச் சரிந்தது என்பதைப் பாடத்தான் அடியேன் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆகவே சரிவதற்கு முன்பே வாழ்த்தி முடித்துவிடுவது உத்தமம்.

காப்பு பாட ஒரு தெய்வத்தைத் தேடினேன். கணக்குக்கென்று தனியாக ஒரு தெய்வம் இருந்திருந்தால் நம் நாயகன் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த அந்த மாலையில் அது குறுக்கே விழுந்து தடுத்திருக்கும். தடுக்கவில்லை. எனவே காப்பும் இல்லை, கதைக்குப் போவோம்.

இவ்வரும்பெரும் வித்தை இவனுக்கு எங்ஙனம் வாய்த்தது என்று கேட்பீர்கள். இளமையில் இவனுக்கு வாய்த்த ஆசான் ஒருவர், மர ஸ்கேலின் விளிம்பை மாணவர்களின் விரல் முட்டிகளில் நாட்டியமாட விட்டே, பெருக்கல், வகுத்தல், பின்னம், தசமம் ஆகிய நால்வகைப் படைகளையும் இவனது தலைக்குள் அணிவகுத்து நிறுத்திவிட்டுப் போனார். எதற்காக நிற்கின்றன என்று அப்படைகளும் கேட்கவில்லை, இவனும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு முட்டியில் இன்னொன்று விழுந்ததைக் கண்ணால் கண்டவன் அல்லவா? அன்றிலிருந்து கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் உறவினர் எவரேனும் “பதினேழு பதினாலு எவ்வளவு?” என்று கேட்டால், கேட்டவர் கேள்விக்குறியை முடிக்குமுன் “இருநூத்து முப்பத்தெட்டு” என்று இடி முழங்கும். மனைவியின் தம்பி இவனுக்கு ‘நடமாடும் கால்குலேட்டர்’ என்று பட்டம் சூட்டினான். அதை அவன் கிண்டலாகச் சொன்னான் என்பது மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், மாடி வீட்டுக்காரருக்கும் தெரியும். பட்டம் பெற்றவனுக்கு மட்டும் தெரியாது.

அப்பேர்ப்பட்டவனின் அரண்மனையில், அதாவது இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும், ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து முட்டுக்கொடுத்த ஒரு சாப்பாட்டு மேசையும் கொண்ட அந்த அரண்மனையில், ஒரு சாயங்காலம் போர் மூண்டது. காரணம், பெண்ணா? மண்ணா? பொன்னா? அதெல்லாம் பழைய காவியங்களின் அற்பக் காரணங்கள். இங்கே காரணம் ஒரு டிக். முழு டிக் கூட இல்லை, பாதி டிக்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். மகளின் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு கணக்கு டீச்சர் வந்திருந்தார். விடை சரியாக இருந்தால் டிக்கின் சின்னக் காலை மட்டும் போட்டு நிறுத்திவிடுவது அவருடைய வழக்கம். அந்த விடை ஏன் அப்படி வந்தது என்று பிள்ளை தன் வாயால் சொன்னால்தான் நீளக் காலை இழுப்பார். எதற்கெடுத்தாலும் “ஏன்?” என்று கேட்பதால் பிள்ளைகள் அவருக்கு ‘ஏன் மிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மகளின் நோட்டில் அன்று பக்கம் முழுக்கச் சின்னக் கால்கள் மட்டும், நொண்டிக் கோழி நடந்துபோன மாதிரி. குளித்து முடித்துக் கூடத்துக்கு வந்த நம் நாயகன் அந்தப் பக்கத்தைக் கண்டான். கண்டதும் அவன் புருவம் வில்லாய் வளைந்தது, மீசை துடித்தது, தோளில் கிடந்த ஈரத்துண்டு நழுவி விழுந்தது.

“இந்த ஆறு சரியா, தப்பா?” என்றான், முதல் கணக்கின் விடையில் விரலை ஊன்றி.

“சரிதான்பா.”

“சரின்னா முழுசா டிக் போட வேண்டியதுதானே? என்ன, உங்க மிஸ்ஸுக்குப் பேனால மை தீர்ந்துபோச்சா?”

“முக்கால எட்டுல ஒண்ணால வகுத்தா ஏன் ஆறு வருதுன்னு நாளைக்கு போர்டுகிட்ட நின்னு சொல்லணும். சொன்னாத்தான் மீதி போடுவாங்க.”

“ஆறுன்னா ஆறு. இதுல என்ன ஏன்?”

“எங்கப்பாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்னு சொல்லிட்டேன்பா. எங்கப்பாவுக்குத் தெரியாத கணக்கே இல்லைன்னும் சொல்லியிருக்கேன்.”

அடேயப்பா! புகழ்ச்சி எனும் யானை மேல் ஏற்றப்பட்டவன் இறங்குவதற்கு ஏணி கேட்பானா? எழுந்தான். கூடத்தின் நடுவே நின்றான். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவியையும், சுவரில் தொங்கிய காலண்டரையும், மேசையில் இருந்த ரொட்டிப் பொட்டலத்தையும் சாட்சியாக வைத்து ஒரு சூளுரை உரைத்தான். “எண்திசை மாந்தரே, கேளுங்கள்! இரவு உணவு மேசைக்கு வருமுன் இப்பின்னத்தின் ஆணிவேரைப் பிடுங்கி என் மகளின் கையில் தருவேன். தரத் தவறினேனாயின் இனி என் நா எந்த வாய்ப்பாட்டையும் தீண்டாது. ‘ஏன்’ என்னும் ஈரெழுத்தைப் படைக்கலமாக ஏந்தித் திரியும் அந்த ஆசிரியை என் வாசலில் வந்து நின்று பாடம் கேட்கும் நாள் தூரத்தில் இல்லை!” இது அவன் மனத்துக்குள் முழங்கிய வடிவம். வாயில் வந்தது இவ்வளவுதான்: “பத்து நிமிஷத்துல முடிச்சுடறேன் பாரு.”

“குக்கர் இறக்கினதும் சாப்பாடு. அதுக்குள்ள முடிங்க,” என்றாள் மனைவி. அவள் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்காருபவள். “வலிக்கவே வலிக்காது, ரெண்டே நிமிஷம்” என்று உள்ளேயிருந்து வரும் உறுதிமொழிகளைத் தினமும் கேட்டுக் கேட்டு, உறுதிமொழிகளை எந்த அளவுக்கு நம்ப வேண்டும் என்பதில் தேர்ச்சி பெற்றவள்.

முதல் தாக்குதல் தொடங்கியது. நாயகன் தன் குலத்தின் கொடிய படைக்கலமான தலைகீழி அஸ்திரத்தை உறையிலிருந்து உருவினான். முதற்பின்னத்தைத் தொடாதே, வகுத்தற்குறியைப் பெருக்கற்குறியாக்கு, இரண்டாம் பின்னத்தைக் கவிழ்த்துப் போடு, மேலும் மேலும் பெருக்கு, கீழும் கீழும் பெருக்கு: அவ்வளவே மந்திரம். இதனை உச்சரித்த மாத்திரத்தில் எட்டில் ஒன்று என்ற பின்னம் மல்லாந்து விழ, அடியில் கிடந்த எட்டு அரியணை ஏற, மேலே இருந்த ஒன்று பாதாளம் புக, இருபத்துநான்கை நான்கு வெட்டிச் சாய்க்க, ஆறு என்னும் விடை இரத்தம் சொட்டச் சொட்ட வெளிவந்தது. நாயகன் பென்சிலை மேசைமேல் வீசிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டான். முகத்தில் நாடு பிடித்த களை.

“இது எனக்கே தெரியும்பா,” என்றாள் மகள். “இப்படித்தான் ஆறு போட்டேன்.”

“அப்புறம் என்ன?”

“பன்னெண்ட மூணால வகுத்தா நாலு. குறையுது. வகுத்தா குறையணும்தானே? முக்கால் ஒண்ணைவிடச் சின்னது. அதைப் போய் வகுத்தா ஆறுன்னு பெருசா வருது. அது எப்படி? அப்புறம், ரெண்டாவதை மட்டும் ஏன் கவுக்கணும்? அது என்ன பாவம் பண்ணுச்சு?”

கவனியுங்கள். பல்லாண்டுகளாகப் பல்லாயிரம் பின்னங்களைக் கவிழ்த்துப் போட்டவன் நம் நாயகன். அவற்றில் ஒன்றுகூட, என்னை ஏன் கவிழ்க்கிறாய் என்று அவன் சட்டையைப் பிடித்ததில்லை. இப்போது அவை அனைத்துக்கும் வழக்கறிஞராக இரட்டைப் பின்னலோடு ஒருத்தி எதிரே உட்கார்ந்து பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் நெற்றியில் வியர்த்தது. மின்விசிறியைக் கூட்டி வைத்தான்.

பெருவீரர்க்கு அடுத்த உபாயம் தெரியாமல் போனால் முந்தைய உபாயத்தையே இன்னும் சத்தமாகச் செய்வார்கள். அதுவே போர் மரபு. ஆகவே அதே மந்திரத்தை முன்னிலும் உரக்கச் சொன்னான். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் காது கேளாதவருக்குச் சொல்வதுபோல் பிளந்து பிளந்து சொன்னான். பிறகு மேசையைத் தட்டித் தாளம் போட்டு ராகமாகச் சொன்னான். தட்டத் தட்ட மேசைக் காலின் கீழ் மடித்து வைத்த அட்டை நழுவி, மேசை சாய்ந்து, தண்ணீர்த் தம்ளர் மெல்ல ஊர்ந்து விளிம்புக்குப் போயிற்று. மகள் அதை எட்டிப் பிடித்து நிமிர்த்தி வைத்தாள். அவன் பாட்டை நிறுத்தவில்லை.

“கத்தினா கணக்கு வந்துருமா?” என்றாள் மனைவி, ஒரு காலுறைக்கு ஜோடி தேடியபடி. “மாடி வீட்டுப் பையனுக்கு இந்நேரம் மனப்பாடமே ஆகியிருக்கும்.”

மாடி வீட்டுப் பையனுக்கு உண்மையிலேயே மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது. அவன் இரண்டாம் வகுப்பு.

இங்ஙனம் இரு தாக்குதல்களும் முறிந்த பின்பு, நாயகனின் பார்வை மேசைமேல் இருந்த ரொட்டிப் பொட்டலத்தின் மீது விழுந்தது. ஆகா! பிள்ளைகளுக்குப் பொருளைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் எவரோ பேசியபோது, பின்வரிசையில் அமர்ந்து கைபேசியில் தொட்டியின் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்த இவன் காதில் அது மட்டும் எப்படியோ விழுந்திருந்தது. ஒரு ரொட்டித் துண்டை எடுத்தான். கத்தியை எடுத்தான். களபலிக்கு ஆயத்தமான அத்துண்டு வெள்ளை வெளேரென்று தட்டில் கிடந்தது. குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு: நான்கு சதுரங்கள். நான்கில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

“இப்ப முக்கால் இருக்கா?” என்றான் மென்றுகொண்டே.

“இருக்கு.”

“இதை எட்டுல ஒண்ணால வகுக்கணும். அதனால எட்டா வெட்டுறேன், பாரு.”

பார்த்தாள். அன்பர்களே, நீங்களும் பாருங்கள். எட்டில் ஒன்றால் வகுக்க வேண்டிய இடத்தில் எட்டால் வகுக்கக் கிளம்பிய வீரன் உலக வரலாற்றில் இவன் முதல்வனல்லன், கடைசியும் ஆகமாட்டான். ஆனால் இவ்வளவு நம்பிக்கையோடு வெட்டியவன் வேறொருவன் இருக்க முடியாது. மூன்று சதுரங்களின் மேலும் கத்தி சுழன்றது. இடப்பக்கம் வெட்டியது, வலப்பக்கம் சாய்ந்தது, நடுவே கிழித்தது. ரொட்டியின் தோல் ஒருபுறம், சதை ஒருபுறம், துகள்கள் எங்கெங்கும். ஒரு துணுக்கு பறந்துபோய் மடித்து வைத்த தலையணை உறையில் விழுந்தது. புழுதி அடங்கியபோது தட்டில் சீரழிந்து கிடந்தவற்றை மகள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

“எட்டு இருக்கேப்பா. ஆறு எங்க?”

நாயகன் தட்டைப் பார்த்தான். எட்டு இருந்தது. எட்டாக வெட்டினால் எட்டுதான் இருக்கும் என்ற பேருண்மை அப்போதுதான் அவனுக்குப் புலப்பட்டது. ஆயினும் தளர்ந்தானா? தளரவில்லை. கூர்த்த மதியினன் ஒரு நொடி யோசித்தான். பிறகு இரண்டு துண்டுகளை எடுத்து வாயில் போட்டு விழுங்கினான்.

“இப்ப எண்ணு.”

“ஆறு.”

“அவ்வளவுதான் விஷயம்.”

மகள் தட்டையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் நக்கல் செய்யவில்லை, அந்த வயசு இன்னும் வரவில்லை. உண்மையான கவலையோடுதான் கேட்டாள்: “அப்ப நாளைக்கு போர்டுகிட்ட நானும் ரெண்டைச் சாப்பிடணுமாப்பா?”

மனைவி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், கையிலிருந்த போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எதிரியின் அம்பைத் தாங்கும் மார்பு உண்டு, வீட்டுக்காரியின் சிரிப்பைத் தாங்கும் மார்பு எவனுக்கும் படைக்கப்படவில்லை. நாயகனின் முகம் சிவந்தது. ஸ்கேல் பிடித்த அந்தப் பழைய ஆசான் அவன் தொண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“மண்டைல ஏறவே ஏறாதா உனக்கு? ஊர்ல எல்லாப் பிள்ளைங்களும் சொன்னதைச் சொன்னபடி எழுதுதுங்க. இது மட்டும் ஏன், எதுக்கு, எப்படின்னு! புரியணும்னு யார் அழுதா? கவுத்துப் போடுன்னா போடு!”

மகள் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்தாள். நோட்டை மூடினாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, அழாமல், ஏதோ நீண்ட நாள் சந்தேகம் இன்று தீர்ந்துவிட்டதுபோல் அமைதியாகச் சொன்னாள்.

“எனக்குக் கணக்கு வராதுப்பா. விடுங்க.”

இவ்விடத்தில் அடியேன் முரசைக் கீழே வைக்கிறேன். இவ்வளவு நேரம் கேலி பேசிய வாய் எனக்கே கசக்கிறது. நான்கு வயதில் மாடிப்படியை எண்ணிக்கொண்டே ஏறி, மேலே போனதும் “இதுக்கு மேல எண்ணுனா என்ன வரும்?” என்று கேட்டவள் இவள். கண்ணை மூடிக்கொண்டால் எண்களுக்கு வண்ணம் தெரிகிறது என்றும், ஏழு பச்சை என்றும் சொன்னவள். ‘வராது’ என்ற அந்த ஒரு சொல்லை ஒரு பிள்ளை ஒருமுறை நம்பிவிட்டால் அப்புறம் எந்த டீச்சர் தலைகீழாக நின்றாலும் அதை எடுக்க முடியாது. கணக்கு என்றதும் பேச்சை மாற்றுகிற பெரியவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! அத்தனை பேருக்கும் இப்படி ஒரு மேசையும், இப்படி ஒரு சாயங்காலமும் இருந்திருக்கும். மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் புருஷனைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. நாயகனுக்கும் ஏதோ தவறிவிட்டது என்று தெரிந்தது. என்னவென்றுதான் தெரியவில்லை. தட்டில் மீதி இருந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஓரமாக ஒதுக்கினான்.

அப்போது கைபேசி அலறியது. வால்வு திறப்பவர். நாயகனின் ஆளுகைக்கு உட்பட்ட எட்டுத் தெருக்களுக்கும் குழாய்த் தண்ணீர் விடும் பெரும்பொறுப்பு அவர் கையில் இருந்தது, அவரோ நாயகனைக் கேட்காமல் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார். நாயகன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுச் சோர்ந்துபோய் நாற்காலியில் சாய்ந்தான்.

“சார், மத்தியானத்துல இருந்து கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல. டேங்க் ரொம்பல சார். முக்கால்தான் நிக்குது. வழக்கம்போல எட்டுத் தெருவுக்கும் விட்டுடவா?”

“யோவ், என்னய்யா பேசுற?” என்று நாயகன் சீறினான். மகளிடம் காட்டிய கோபத்தின் மிச்சமெல்லாம் அதில் இருந்தது. “முக்கால வச்சுக்கிட்டு எட்டுத் தெருவுக்கு எங்க விடுவ? முழு டேங்க்குதான்யா எட்டுத் தெருவுக்கு. ஒரு தெரு குடிக்கிறது எட்டுல ஒரு பங்கு. அப்ப கால் டேங்க் ரெண்டு தெருவுக்கு வரும். முக்கால்னா ஆறு தெருவுக்கு வரும். ஆறு தெருவுக்கு விட்டுட்டு வால்வை மூடு. கடைசி ரெண்டு தெருவுக்கு காலைல விட்டுக்கலாம். இதைக்கூட நானா சொல்லணும்? கொஞ்சம் யோசிக்க மாட்டியா?”

“சரி சார், சரி சார்,” என்று அவர் வைத்துவிட்டார்.

நாயகன் தலையில் கையை வைத்துக்கொண்டான். தான் சற்றுமுன் எதை உதிர்த்தோம் என்பதை அப்பெருமகன் அறிந்தானில்லை. தினந்தோறும் தொட்டியின் அடியில் நின்று, முக்காலையும் அரையையும் எட்டிலொன்றாலும் ஆறிலொன்றாலும் வகுத்து வகுத்து, ஊருக்கே தாகம் தீர்த்தவன் அவன். எந்தப் பின்னத்தையும் அங்கே அவன் கவிழ்த்ததில்லை, எந்த மந்திரத்தையும் சொன்னதில்லை. அது கணக்கு என்றே அவனுக்கு எவரும் சொன்னதில்லை. அவனைப் பொறுத்தவரை அது தண்ணீர். கணக்கு என்பது நோட்டில் இருப்பது.

ஆனால் மேசையின் மறுபக்கம் ஏதோ நடந்துகொண்டிருந்தது. மூடிய நோட்டின் மேல் வைத்திருந்த கையை மகள் எடுத்தாள். உதடு அசைந்தது. ஒரு விரல் மடங்கியது, இன்னொன்று மடங்கியது.

“அப்பா,” என்றாள். “இதைத்தானே நான் கேட்டேன்!”

“எதை?”

“டேங்க்ல முக்கால். ஒரு தெருவுக்கு எட்டுல ஒண்ணு. எத்தனை தெருவுக்கு வரும்? ஆறு! முக்காலை ஆறா ஆக்கலப்பா. முக்காலுக்குள்ள அந்தக் குட்டித் துண்டு எத்தனை தடவை இருக்குன்னு பாக்குறோம். துண்டு ரொம்பச் சின்னது. அதனாலதான் நிறைய தடவை இருக்கு!” நாற்காலியில் முழங்காலிட்டு ஏறிவிட்டாள். “முழு டேங்க்குக்கு எட்டுத் தெரு. அதான் எட்டு மேல வந்து பெருக்குது! அந்த எட்டுல முக்கால்வாசி ஆறு. ஐயோ, கவுக்குறது அதுக்குத்தானா?”

“பாத்தீங்களா?” என்றாள் மனைவி. “டேங்க்ல தினம் பண்றதை நோட்டுல பண்ணத் தெரியல உங்களுக்கு.”

இப்போது நம் நாயகன் என்ன செய்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்? வெட்கப்பட்டிருப்பான் என்றா? நீங்கள் காவியம் படித்துப் பழகாதவர்கள். நிமிர்ந்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான். தோற்றோடிய படைகளெல்லாம் ஊருக்குத் திரும்பும்போது வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் அந்தப் பழம்பெரும் வழக்கத்தின்படி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் முழங்கினான்: “அதைத்தானே இவ்வளவு நேரமா நான் சொல்லிட்டு இருக்கேன்!”

உடனே அவன் மனக்கண்ணில் விழா எடுக்கப்பட்டது. வாய்ப்பாட்டுக் கொடி உயர்ந்தது. ‘ஏன் மிஸ்’ வாயிலில் வந்து நின்று, ஐயா, தாங்கள் கையாண்ட முறையை எனக்கும் கற்றுத்தர வேண்டும் என்று கைகூப்பினார். மனைவியின் தம்பி, இம்முறை கிண்டலே இல்லாமல், இன்னொரு பட்டம் சூட்டினான். சமையலறையில் குக்கர் அடங்கிவிட்டது. சூளுரை நிறைவேறியது, நேரமும் மிச்சம், நா காப்பாற்றப்பட்டது. பாட்டை இத்துடன் நிறுத்தி மங்களம் பாடியிருந்தால் நாயகனுக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மகள் நோட்டைத் திறந்திருந்தாள். பென்சில் பெட்டியிலிருந்து வெளியே வந்திருந்தது. காலியான ஓர் ஓரத்தில் ஒரு தொட்டியை வரைந்து, அதைக் கோடு போட்டுப் பிரித்து, தெருக்களுக்குக் குழாயும் வரைந்துகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கண் பளபளத்தது.

“அப்பா, அப்ப தெருவெல்லாம் பெரிய தெருன்னு வச்சுக்கோங்க. ஒரு தெரு எட்டுல ஒண்ணு இல்ல, எட்டுல மூணு குடிக்கும். அப்பவும் கவுப்போம். எட்டு மேல போறது புரியுது. ஆனா மூணு எதுக்குக் கீழ போகுது?”

கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தொட்டிகளின் காவலனை, எல்லாம் தெரிந்த அப்பாவை, நேராகக் கண்ணுக்குள் பார்த்தாள். பென்சில் முனை காகிதத்துக்கு ஒரு நூலிழை மேலே காத்துக்கொண்டிருந்தது.

அப்போது பொங்கி எழுந்தான் பெருந்தகை. முன்னோர் தந்த மந்திரங்கள் அனைத்தையும், பதினாறாம் வாய்ப்பாட்டையும் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டையும், வர்க்கங்களையும் வர்க்கமூலங்களையும், விரல் முட்டியில் இன்றும் எரியும் மர ஸ்கேலின் நினைவையும், கல்யாண வீடுகளில் பெற்ற கைத்தட்டல்களையும், ‘விதின்னா விதிதான், போட்டுட்டுப் போ’ என்று பரம்பரை பரம்பரையாகத் தகப்பன்மார் எறிந்து வென்ற அந்த இறுதிப் படைக்கலத்தையும் ஒருசேரத் திரட்டி, நெஞ்சு விரிய மூச்சை இழுத்து, அண்டம் அதிர வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடி நிற்க, அந்தப் பென்சிலைப் பார்த்தான். தான் இப்போது ஒரு சொல் உரக்கச் சொன்னால் அது மறுபடி பெட்டிக்குள் போய்விடும் என்பதையும், இம்முறை போனால் திரும்பி வராது என்பதையும், ஆயுளில் முதன்முறையாக எவரும் மனப்பாடம் செய்விக்காமல் தானாகவே கண்டான். திரட்டிய சேனையெல்லாம் வாசல் வரை வந்து ஒவ்வொன்றாகத் தலை கவிழ்ந்து திரும்பியது. கொடி சாய்ந்தது, விழாப் பந்தல் கலைந்தது, மைத்துனன் சூட்டிய பட்டம் காற்றில் பறந்தது.

“தெரியலையேம்மா” என்று சொல்லிவிட்டு, அப்பா நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.